ஊழியருக்கு பி.எஃப்., ஊழியக்காரருக்கு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் காரமான பதிவு. எங்கள் சபை மக்களுக்குள்ளேயே போடுகிற வீட்டுச் சண்டை. மற்ற நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், தப்பில்லை. உங்கள் வீட்டிலும் இதே கதை வேறு சாமி பெயரில் நடந்துகொண்டிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க ஊர் அண்ணன் ஒருவர். அவர் பெயர் வேண்டாம், அவரை அனுப்பிய சங்கத்தின் பெயரும் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்சி. முடித்த கையோடு, கையில் இருந்த பள்ளிக்கூட வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிஷனெரியாகக் கிளம்பியவர். 23 வருஷம், பத்ராசலம் பக்கத்துக் காட்டுக் கிராமங்களில், கோயா மக்கள் நடுவே. தெலுங்கும் பேசுவார், கோயாவும் பேசுவார். தமிழ் பேசும்போதுதான் இப்போது கொஞ்சம் யோசித்துப் பேசுவார். நான் ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு முன்பே இந்த மண்ணுக்கு வந்துவிட்ட ஒரே ஊர்க்காரர் அவர்தான்.

அவர் செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று எனக்குச் சொன்னது அவர் இல்லை. சங்கமும் இல்லை. ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். அரசு காப்பீட்டில் செய்யலாம் என்றால் இங்கே ஆரோக்கியஸ்ரீக்கு இங்கத்து ரேஷன் கார்டு வேண்டும். அவர் பெயர் ஊர்க் கார்டிலிருந்து எப்போதோ போய்விட்டது, இங்கே இன்னும் ஏறவில்லை. போய்ப் பார்த்தால், மதினி ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, மூலையில் கரண்ட் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். கையில் வளையல் இல்லை.

"ஏன் மதினி, ஒரு வார்த்தை சொல்லல?"

"தேவையை மனுஷர்ட்ட சொல்லக்கூடாதுன்னு அவுக ஒரு தீர்மானம் வச்சிருக்காக தம்பி. சொன்னா விசுவாசக் குறைவாம்."

இதைக் கேட்டதும் எனக்கு அண்ணன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. லிஃப்டில் இறங்கும்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்கு எட்டு மாதம் முன்னால் அவர் எனக்குப் போன் செய்திருந்தார். குரல் சரியில்லை. "கொஞ்சம் சுகமில்ல தம்பி, ஜெபிச்சுக்கோ" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அண்ணே." சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஆன செலவு பூஜ்யம். அந்த மனிதர் தன் தீர்மானத்துக்குள் நின்றுகொண்டு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறார். நான்தான் பக்தியான ஒரு வாக்கியத்தைப் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அடுத்து சங்கத்துக்குப் போன் போட்டேன். 23 வருஷத்துக்கு பி.எஃப். எவ்வளவு இருக்கிறது, மருத்துவக் காப்பீடு எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "பிரதர், அவர் ஊழியர் இல்லையே, ஊழியக்காரர். அதெல்லாம் கிடையாது. கர்த்தர் பார்த்துக்கொள்வார். இந்த மாசம் ஜெபக்குறிப்பில் போட்டிருக்கிறோம்."

"உங்களுக்கு பி.எஃப். உண்டா பிரதர்?" என்றேன்.

அவருக்கு உண்டு. அவர் அலுவலக ஊழியர்.

இதுதான் இந்தப் பதிவின் மொத்த விஷயமும். அலுவலகத்தில் ரசீது எழுதுகிறவர் ஊழியர், அவருக்கு பி.எஃப். காட்டில் 23 வருஷம் நடந்தவர் ஊழியக்காரர், அவருக்குக் கர்த்தர். சட்டம் இவரைத் தொழிலாளி என்று சொல்லுமா சொல்லாதா என்ற வாதம் எனக்கு வேண்டாம். நான் கேட்பது சட்டக் கேள்வி இல்லை.

ஹெப்ரோனில் நடந்தது வேறு

இப்படிப் பேசினால் உடனே ஒருவர் எழுந்து, "பக்த் சிங் ஐயா எப்படி வாழ்ந்தார் தெரியுமா?" என்பார். தெரியும். ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. முஷீராபாத் பக்கம் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸ் போனால் (கோட்டை இருக்கிற கோல்கொண்டா இல்லை, அது ஊருக்கு மறுகோடி) ஹெப்ரோன் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

பக்த் சிங் கதை நம் மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. 1903இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். இன்ஜினியரிங் படிக்க 1926இல் லண்டன் போனார், பிறகு கனடா. நம்மைப் போல வெளிநாடு போன பிள்ளை. அங்கே கிறிஸ்தவரானார். 1933இல் பம்பாயில் வந்து இறங்கியபோது, பெற்றோர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள். முடியாது என்றார். வீடு போயிற்று. அதன்பிறகு எந்தச் சங்கத்திலும் சேரவில்லை, சம்பளம் வாங்கவில்லை, தன் தேவையை எந்த மனிதரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்து அப்படியே வாழ்ந்தார். 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா, பிறகு ஹைதராபாத்தில் ஹெப்ரோன். வருஷா வருஷம் நடக்கும் பரிசுத்த கூடுகைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். பந்தலில் தங்குவார்கள், சாப்பிடுவார்கள். கட்டணம் கிடையாது, பண வேண்டுகோளும் கிடையாது. 2000 செப்டம்பர் 17 அன்று இதே ஊரில் இறந்தார்.

எனக்கு அவர்மேல் மரியாதை நிறைய உண்டு. ஆனால் அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஹெப்ரோனில் ஊழியம் செய்தவர்கள் ஒரே வளாகத்தில் தங்கினார்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பானையில் சோறு இல்லை என்றால் அது எல்லாருக்கும் இல்லை. ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்துப் பாய்க்காரருக்குத் தெரியும். தேவையை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே அங்கே குறைவு, ஏனென்றால் பார்க்கக் கண் இருந்தது. தலைவருக்கு ஒரு சட்டம், தொண்டருக்கு ஒரு சட்டம் என்றும் இல்லை. பக்த் சிங்குக்குச் சம்பளம் இல்லை, அதனால் மற்றவர்களுக்கும் இல்லை.

இப்போது எங்க அண்ணனைப் பாருங்கள். பத்ராசலத்துக்கு அப்பால் ஒரு கிராமம். சங்கத்தின் அலுவலகம் தமிழ்நாட்டில். தாங்குகிற குடும்பங்கள் துபாயிலும் டல்லாஸிலும் சிங்கப்பூரிலும். அவர் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று பார்க்கும் தூரத்தில் நம்மில் ஒருவரும் இல்லை. "தேவையைச் சொல்லாதே" என்ற சட்டத்தை மட்டும் ஹெப்ரோனிலிருந்து எடுத்துக்கொண்டோம். பந்தியை எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லவும் கூடாது, பார்க்கவும் ஆள் இல்லை என்றால் அவர் கதி என்ன? அதற்குப் பெயர் விசுவாச ஊழியமா?

முல்லர் கணக்கு எழுதினார் ஐயா

அடுத்த உதாரணம் ஜார்ஜ் முல்லர். ஞாயிறு பள்ளியில் கேட்காத பிள்ளை இருக்காது. சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் காத்திருக்க, ரொட்டியும் பாலும் வாசலுக்கு வந்த கதை. 1836இலிருந்து பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பராமரித்தவர். 1898இல் இறக்கும்வரை 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகள். யாரிடமும் கேட்டதில்லை.

ஆனால் ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முல்லர் வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்தார். வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் ரசீது எண் உண்டு. கொடுத்தவர் பெயர் இருக்காது, தொகை இருக்கும். தன் காசு போய்ச் சேர்ந்ததா என்று கொடுத்தவர் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையே ஒரு மறைமுக வேண்டுகோள்தானே என்று அந்தக் காலத்திலேயே சிலர் குறை சொன்னார்கள். கையில் காசு இல்லாத 1841 கடைசியில், இப்போது அறிக்கை வெளியிட்டால் கேட்பது போல ஆகிவிடும் என்று அதைத் தள்ளிவைத்தார் முல்லர். அந்த அளவுக்கு நேர்மை. கேட்கமாட்டார். ஆனால் வந்ததை மறைக்கவும் மாட்டார்.

முல்லரின் மச்சான் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டரில் பல் மருத்துவராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சம்பளமில்லாத மிஷனெரியாக பாக்தாத் போய், 1833இல் இந்தியா வந்தார். அவரோடு 1836இல் வந்த பவுடனும் பியரும்தான் கோதாவரி டெல்டாவில் ஊழியத்தைத் தொடங்கியவர்கள். நம்ம திருநெல்வேலிச் சீமை அருளப்பனும் குரோவ்ஸோடு பழகி, சம்பளத்துக்குக் கட்டுப்பட்ட உபதேசியாராக இருக்க மாட்டேன் என்று நின்றவர். ஆக, தெலுங்கு தேசத்துக்கும் தமிழ் தேசத்துக்கும் இந்த விசுவாச வழி நேற்று வந்த சரக்கு இல்லை. ஏறக்குறைய 200 வருஷப் பழக்கம். இந்த நாலு பேரையும் ஒரு விஷயத்தில் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிபந்தனை அது. "எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று அவர்கள் சொன்னார்கள். "உனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று வேறொருவர் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நான் சாப்பிடாமல் இருந்தால் உபவாசம். அடுத்தவர் சோற்றுப் பானையைப் பூட்டி வைத்துவிட்டு அதற்கும் உபவாசம் என்று பெயர் வைக்கலாமா?

டோர்னக்கல் ரயில்

சரி, கேட்காமல் வாழ்வது ஒரு வழி. தூரத்தில் இருக்கிறவரைத் தாங்குவதற்கு வேறு வழியை நம் ஆட்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கும் வெளிநாடு போக வேண்டாம். செகந்திராபாத்தில் விஜயவாடா ரயில் ஏறினால் காஜிபேட், வாரங்கல், மகபூபாபாத் தாண்டி டோர்னக்கல் ஜங்ஷன்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருநெல்வேலியில் இவ்வளவு சபைகள் இருந்தும் நாம் யாரை அனுப்பினோம்? அடுத்த வருஷமே, 1903 நவம்பர் 12, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் டோர்னக்கல் பகுதி. அந்தக் கால திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிநாடு. ராஜா வேறு, பாஷை வேறு, சாப்பாடு வேறு. 1909இல் அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார். 1912இல் டோர்னக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1945 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை அவருடைய ஊர் அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது பணம் எங்கிருந்து வந்தது என்பது. சீமைப் பணம் இல்லை. திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கைப் பணம். உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கும் பாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அதே வழக்கத்தை மிசோரமில் 1910இல் தொடங்கி, இன்றுவரை அதை வைத்தே மிஷனெரிகளை அனுப்புகிறார்கள். டோர்னக்கல்லில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலிவேலைக்காரர்கள். அவர்களிடமும் அசரியா "உங்களுக்கு இல்லை, அதனால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. தானியமோ கோழியோ முட்டையோ, இருப்பதில் கொடுங்கள் என்று பழக்கினார். கொடுப்பதைப் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதினார். 1939இல் திறக்கப்பட்ட டோர்னக்கல் பேராலயத்தைப் போய்ப் பாருங்கள். கோயில் தூணும் மசூதி குவிமாடமும் சேர்ந்தாற்போல இருக்கும்.

இது விசுவாசம் இல்லையா? பக்த் சிங் ஒரு வழி, அசரியா ஒரு வழி. ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் முறையாகக் கேட்டு, முறையாகச் சேர்த்து அனுப்பினார். இரண்டு வழியிலும் ஏழைகளின் தாராளம்தான் ஊழியத்தைத் தாங்கியது. இரண்டு வழியிலும் ஊழியக்காரர் பட்டினி கிடந்தால் அது யாருக்காவது தெரியும். நம் காலத்தில் நாம் கண்டுபிடித்த மூன்றாவது வழி, பக்த் சிங்கின் மௌனத்தையும் அசரியாவின் தூரத்தையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு பேரின் பொறுப்பையும் கழற்றிவிட்டது.

1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டது நட்பு. எவ்வளவு தியாகம் செய்தாலும் எங்களைச் சமமாக உட்கார வைக்கவில்லையே என்பது அவர் வருத்தம். இன்று ஒரு தமிழ் மிஷனெரி நம்மைப் பார்த்து அதையே கேட்கலாம். அவர் விடுமுறைக்கு ஊர் வந்தால் மேடையில் ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல விடுகிறோம். பிறகு அசனத்தில் சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

சத்தம் போடுகிறவருக்கே சோறு

நம் காசு எங்கே போகிறது என்று நேர்மையாகப் பார்ப்போம். டிவியில் தேவையைச் சொல்லி, அக்கவுண்ட் நம்பரையும் கீழே ஓடவிடுகிறவருக்குப் போகிறது. சொல்லவே மாட்டேன் என்று தீர்மானம் எடுத்தவருக்குப் போவதில்லை. "தேவையைச் சொல்லாத ஊழியமே உயர்ந்த ஊழியம்" என்று பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்து சொல்கிறவருக்கு அனுப்புகிறோம். அப்படியானால் நாம் எதை வளர்க்கிறோம்?

ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை வெளிநாட்டு மாப்பிள்ளைகள் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன் :-) பெயர் மைக்கில் வரும். மிஷனெரியின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டினால் பெயர் மைக்கில் வராது. அதனால் அதை ஒருவரும் ஏலம் எடுப்பதில்லை.

இன்னொன்று. மிஷனெரி ஏழையாகத் தெரிந்தால்தான் நமக்குத் திருப்தி. அவர் ஒரு நல்ல போன் வாங்கிவிட்டால், "பிரதர் கொஞ்சம் வசதியாத்தான் இருக்கார் போல" என்று வாட்ஸாப்பில் கிசுகிசு. நாம் போகாத இடத்துக்கு அவர் போயிருக்கிறார். நம் மனசாட்சி உறுத்தாமல் இருக்க அவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் அந்த உறுத்தலுக்குக் கட்டுகிற சந்தா.

அண்ணனின் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள்: "அப்பா இதைத் தேர்ந்தெடுத்தாங்க, எனக்குப் பெருமைதான் சித்தப்பா. ஆனா நான் தேர்ந்தெடுக்கல. பணத்தைப் பத்திக் கேட்டா நான் விசுவாசமில்லாத பிள்ளை ஆயிடுவேன்." இருபது வயதுப் பிள்ளையை இப்படிப் பேச வைத்தது அவள் அப்பாவின் விசுவாசம் இல்லை. அதை வேடிக்கை பார்த்த நாம்.

வரப்போகும் கல்லெறிகளுக்கு முன்கூட்டியே பதில்

"சம்பளம் கொடுத்தால் கூலிக்காரர்கள்தான் வருவார்கள்." இதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளம் வாங்காதவர்கள்? பல திருமண்டலங்களில் போதகர்களுக்குச் சம்பள விகிதமும் ஓய்வூதியமும் உண்டு. அவர்களைக் கூலிக்காரர் என்போமா? பி.எஃப்.க்கு ஆசைப்பட்டு கோயா கிராமத்துக்கு ஓடிவரும் கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

"கேட்பது விசுவாசக் குறைவு." எலியாவுக்குக் காகம் கொண்டுவந்தது சரி. ஓடை வற்றிய பிறகு சாறிபாத் விதவையிடம் அவர் வாய்விட்டுத்தானே அப்பம் கேட்டார்? எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பணம் சேர்த்தார். அதைக் கொண்டுபோகும்போது தன்மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று சபைகள் நியமித்த ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார். கேட்டதும் அவர்தான், கணக்குக் காட்டியதும் அவர்தான். பசியோடு வந்தவனை வெறுங்கையோடு வாழ்த்தி அனுப்புகிறவனின் விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். அது வாங்குகிறவனைப் பார்த்து எழுதியது இல்லை.

"மதம் மாற்றப் போனவர்களுக்கு என்ன பென்ஷன்?" என்று வெளியிலிருந்து கேட்கும் நண்பர்களுக்கு: போகலாமா கூடாதா என்பது பெரிய வாதம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் நாங்கள் கை வைத்து ஜெபித்து, போட்டோ எடுத்து அனுப்பினோம். அனுப்பியவனுக்குக் கடன் உண்டு. அது எந்த மதத்திலும் எந்தக் கட்சியிலும் அப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்?

புலம்பிவிட்டு மட்டும் போக விருப்பமில்லை. நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

1. கேட்காதவரிடம் நாமே கேட்பது. எங்கள் தமிழ் ஆராதனைக் கூட்டத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒரு முறை மிஷனெரி வீட்டுக்குப் போன். "ஜெபக்குறிப்பு என்ன?" என்று கேட்பதில்லை. பிள்ளை ஃபீஸ், மருந்து, வாடகை, ரேஷன் கார்டு என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம். அண்ணன் தீர்மானம் அண்ணனுக்கு. கேள்வி கேட்கக் கூடாது என்று நாம் ஒரு தீர்மானமும் எடுக்கவில்லையே.

2. சங்கத்துக்குக் காணிக்கை அனுப்புமுன் மூன்று கேள்வி: தணிக்கை செய்த கணக்கு உண்டா? மிஷனெரிக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? 60 வயதில் அவருக்கு என்ன? பதில் இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்தாதீர்கள், அடிபடுவது மிஷனெரிதான். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

3. 40 வயதுக்குள் இருக்கும் மிஷனெரி என்றால், 2015இல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிடலாம். 60க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. பெரிய தொகை இல்லை. ஆனால் பூஜ்யத்தைவிடப் பெரியது. வயது தாண்டியவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்குத் திறக்கலாம். மாதாமாதம் கட்டுவது நம் வேலை.

4. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. குடியுரிமை மாறியவர், கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் கொடுப்பதை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை அந்த அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. தெரியாமல் அனுப்பி அவர்களை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

அண்ணன் இப்போது செகந்திராபாத்திலேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். யாராவது ஒருவர் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம். முதல் தடவை பணத்தைக் கையில் கொடுத்தபோது வாங்க மறுத்தார். "நான் யார்ட்டயும் கேக்கலயே தம்பி" என்றார். "நீங்க கேக்கல அண்ணே. கர்த்தர்ட்டதான கேட்டீக? எட்டு மாசம் முன்னாடியே அவர் சொல்லிட்டாரு, எனக்குத்தான் காது கேக்கல" என்றேன். அழுதுவிட்டார். நானும்தான்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை பட்டினி கிடக்கிறவருக்கு மட்டும்தான் உண்டு. பிரிட்ஜ் நிறைய வைத்திருக்கிற நமக்கு இல்லை. நாம் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: "அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க அண்ணே."

பி.கு: இதைப் படித்துவிட்டு "நல்ல பதிவு, ஆமென்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நினைப்பவர்கள், முதலில் உங்கள் ஊர் மிஷனெரிக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.